8கே வீடியோ எக்ஸ்போர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட்டிங் முடிந்தது, இனி எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துவதுதான் பாக்கி என்று நிம்மதியாக நினைக்கும்போதுதான் 8கே தன் சுயரூபத்தைக் காட்டும். எச்.டி-யிலும் 4கே-யிலும் யோசிக்காமல் செய்துவந்த அதே வேலை இங்கே பாதியில் நிற்கும். நிற்காமல் முடிந்தால் நிறம் வெளிறியிருக்கும். நிறமும் சரியாக இருந்தால் ஃபைல் எதிலும் ஓடாது. இந்த வேலையிலேயே நாள் முழுக்க இருப்பவன் என்பதால் ஒரே கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ என எதில் வேலை செய்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு மென்பொருளுக்கு மட்டுமே உரிய விஷயம் வந்தால் அதன் பெயரைச் சொல்கிறேன்.

8கே என்பது 4கே-யைப் போல இரண்டு மடங்குதானே? ஏன் இவ்வளவு திணறுகிறது?

அகலம் இரண்டு மடங்கு, உயரமும் இரண்டு மடங்கு. ஆகவே பிக்சல்கள் நான்கு மடங்கு. கணக்கைப் பாருங்கள்: எச்.டி 1920×1080, அதாவது சுமார் 20 லட்சம் பிக்சல். 4கே எனப்படும் யு.எச்.டி 3840×2160, சுமார் 83 லட்சம். 8கே 7680×4320, சுமார் 3 கோடியே 32 லட்சம். ஒரு 8கே ஃபிரேமுக்குள் 16 எச்.டி ஃபிரேம்கள் அடங்கும். எச்.டி-யில் ஒரு மணி நேரம் எடுத்த ரெண்டர் (ஃபிரேம்களைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலை) இங்கே 16 மணி நேரம் கேட்டால் அதில் ஆச்சரியமே இல்லை. மெமரி போதாமல் போனால் அதைவிடவும் மோசமாகும்.

இன்னொன்று. திரையரங்குக்கான 4கே வேறு. அது 4096×2160. வாடிக்கையாளர் '4கே வேண்டும்' என்றால் எந்த 4கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள 256 பிக்சல், கடைசி நேரத்தில் பக்கவாட்டில் கறுப்புப் பட்டையாக வந்து நிற்கும்.

என்னிடம் இருப்பது 4கே ஃபுட்டேஜ். 8கே-யாக எக்ஸ்போர்ட் செய்தால் தரம் கூடுமா?

கூடாது. கேமரா பதிவு செய்யாத விவரத்தை எக்ஸ்போர்ட் உருவாக்கித் தராது. ஒரு பிக்சலை நான்காகப் பெருக்கி, இடைவெளியைக் கணித்து நிரப்பும், அவ்வளவுதான். கணினி கற்றல் முறையில் பெரிதாக்கும் கருவிகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவை தீட்டுவது ஊகத்தை. முகத்தின் தோலையும் தொலைவில் உள்ள எழுத்துகளையும் பெரிதாக்கிப் பார்க்காமல் அவற்றை நம்பாதீர்கள்.

எதிர்த்திசையில் கிடைக்கும் பலன் உண்மையானது. 8கே-யில் படம் பிடித்து 4கே-யில் கொடுத்தால் நான்கு பிக்சலின் தகவல் ஒன்றில் சேர்கிறது. இரைச்சல் குறைகிறது, ஓரங்கள் சுத்தமாகின்றன, ஃபிரேமுக்குள் நெருங்கிப் போகவும் இடம் கிடைக்கிறது. 8கே கேமரா வைத்திருக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது 8கே எக்ஸ்போர்ட் இல்லை, நல்ல 4கே எக்ஸ்போர்ட்தான்.

எக்ஸ்போர்ட் விண்டோவில் 7680×4320 என்று போட்டேன். ஃபைலும் அந்த அளவில்தான் வந்தது. ஆனாலும் படம் மங்கல். ஏன்?

என்னிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம். தவறு எக்ஸ்போர்ட் விண்டோவில் நடந்திருக்காது, அதற்கு முன்னாலேயே நடந்திருக்கும். மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் டைம்லைனின் (கிளிப்களை அடுக்கி எடிட் செய்யும் பட்டையின்) அளவு. எடிட்டிங் வேகமாகப் போக வேண்டும் என்று டைம்லைனை எச்.டி-யில் வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். பிரீமியரில் சீக்வென்ஸ் (டைம்லைனுக்கு அங்கே உள்ள பெயர்) எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவில்தான் படம் உருவாகும். எக்ஸ்போர்ட் அதை இழுத்துப் பெரிதாக்கும்.

இரண்டாவது, கிளிப்பை ஃபிரேமுக்குள் அடக்கிய விதம். பிரீமியரில் இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு: 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்', 'செட் டு ஃபிரேம் சைஸ்'. பார்வைக்கு இரண்டும் ஒரே பலனைத்தான் தரும். ஆனால் முதலாவது, கிளிப்பை சீக்வென்ஸின் அளவுக்கு மாற்றிவிட்டு மீதிப் பிக்சல்களை விட்டுவிடும். பிறகு நீங்கள் 200 சதவீதம் நெருங்கினால் அந்தச் சிறிய படமே பெரிதாகும். இரண்டாவது, ஸ்கேல் எண்ணை மட்டும் குறைக்கும், மூலப் பிக்சல்கள் அப்படியே கையில் இருக்கும். எப்போதும் இரண்டாவதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது பிராக்ஸி. எடிட் செய்யும்போது ஓட்டிய சிறிய நகல்களையே எக்ஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். 'யூஸ் பிராக்ஸீஸ்', 'யூஸ் பிரிவியூஸ்' ஆகிய டிக்குகள் எக்ஸ்போர்ட் விண்டோவில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிவியூ ஃபைல்கள் குறைந்த தரத்தில் உருவாகியிருந்தால் அந்தத் தரமே மாஸ்டருக்குள்ளும் (முழுத் தர இறுதி ஃபைலுக்குள்ளும்) போய்விடும். நேரம் மிச்சமாகிறது என்பதற்காக இறுதி எக்ஸ்போர்ட்டில் அதைத் தொடாதீர்கள்.

எச்.264 தேர்ந்தெடுத்தால் 8கே போட முடியவில்லை. மென்பொருள் பழுதா?

பழுது இல்லை. எச்.264 என்பது வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை, அதாவது கோடெக். அது வந்தது 2003-இல். ஒரு ஃபிரேம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அந்தக் கோடெக்கில் 'லெவல்' என்னும் எண் தீர்மானிக்கிறது. நெடுநாள் உச்சமாக இருந்த 5.1, 5.2 லெவல்களில் 4096×2304 வரை போகலாம். 8கே-யை அனுமதிக்கும் 6 வரிசை லெவல்கள் பின்னாளில் சேர்க்கப்பட்டவை. சில மென்பொருள்கள் அதை எழுதவும் செய்யும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுகளில் உள்ள எச்.264 சில்லுகள் பெரும்பாலும் 4096 பிக்சல் அகலத்தோடு நின்றுவிடுகின்றன. ஃபைல் உருவானாலும் அதை ஓட்டும் கருவி திணறும்.

8கே-க்கு எச்.265 பயன்படுத்துங்கள். அதையே எச்.இ.வி.சி என்றும் சொல்வார்கள். 2013-இல் வந்த இதன் 6 வரிசை லெவல்கள் 8192×4320 வரை தாங்குகின்றன. 2018-இல் வந்த ஏ.வி.1 அதைவிடச் சிக்கனமானது. புதிய கார்டுகள் அதையும் வேகமாக எழுதுகின்றன. ஆனால் வாங்கிக்கொள்பவரிடம் அதை ஓட்டும் கருவி உண்டா என்று கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

டாவின்சி ரிசால்வில் 4கே-க்கு மேல் போக முடியவில்லையே?

இலவசப் பதிப்பின் எல்லை அது. 3840×2160 வரைதான் வெளியே எடுக்க முடியும். அதற்கு மேல் வேண்டுமானால் ஸ்டுடியோ பதிப்பு தேவை. செட்டிங்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

'ஜி.பி.யு. மெமரி நிரம்பிவிட்டது' என்று சொல்லி நடுவில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ஜி.பி.யு. என்பது கிராஃபிக்ஸ் கார்டு. முதலில் அதன் மெமரி ஏன் நிரம்புகிறது என்று புரிந்துகொண்டால் தீர்வு தானாகவே தெரியும்.

டிஸ்கில் உள்ள ஃபைல் சுருக்கப்பட்டது. ஆனால் நிறம் மாற்றவோ எஃபெக்ட் போடவோ ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்துத்தான் ஆக வேண்டும். தரமான மென்பொருள்கள் 32 பிட் மிதவைப் புள்ளியில் கணக்கிடுகின்றன. சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை (ஆல்ஃபா) என நான்கு சேனல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஆக பிக்சலுக்கு 16 பைட். 3.32 கோடி பிக்சலை 16-ஆல் பெருக்கினால் சுமார் 530 எம்பி. இது ஒரே ஒரு ஃபிரேமுக்கு. இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் முன்னே இரண்டு, பின்னே இரண்டு ஃபிரேம் பார்க்கிறது என்றால் அங்கேயே 2.6 ஜிபி போய்விட்டது. அதன்மேல் பிளர், கிளோ, ஒரு டைட்டில் லேயர், டிரான்சிஷனுக்காக இரண்டு கிளிப் ஒன்றன்மேல் ஒன்று. 8 ஜிபி கார்டு எங்கே தாங்கும்?

தீர்வை நான் முயலும் வரிசை இது: நின்ற ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்வேன். டைம்லைனில் அந்த இடத்துக்குப் போய் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். எஃபெக்ட்டை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பேன். பிறகு அந்தக் கிளிப்பை மட்டும் தனியாக ரெண்டர் செய்து, வந்த ஃபைலையே டைம்லைனில் மாற்றி வைப்பேன். பிறகு முழு எக்ஸ்போர்ட்டும் அந்த எஃபெக்ட்டைச் சுமக்க வேண்டியதில்லை.

ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். 11 நிமிட ஆவணப்படம், 24 ஃபிரேம் வேகம், 8கே மாஸ்டர். மூன்று முறை எக்ஸ்போர்ட் போட்டேன், மூன்று முறையும் 6212-ஆவது ஃபிரேமில் நின்றது. அதாவது 4 நிமிடம் 18 நொடி, 20-ஆவது ஃபிரேம். இயந்திரத்தை மறுபடி தொடங்கினேன், டிரைவரை மாற்றினேன், கேஷ் முழுவதையும் அழித்தேன். பலன் இல்லை. கடைசியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது ஒரு புகைப்படம். வீடியோகூட இல்லை. பனோரமாவாக ஒட்டிச் சேர்த்த படம், அகலம் 21,000 பிக்சலுக்கு மேல். அது மெதுவாக இடமிருந்து வலம் நகர வேண்டும். பல கார்டுகள் ஒரு படத்தை 16,384 பிக்சல் அகலம் வரைதான் ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளும். புகைப்படத்தை 14,000 பிக்சலுக்குக் குறைத்து மாற்றி வைத்தேன். அடுத்த முறை எக்ஸ்போர்ட் எங்கேயும் நிற்கவில்லை. அன்று போன ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும் ஸ்டில் படங்களின் அளவைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இவை தவிர, எக்ஸ்போர்ட் நேரத்தில் பிரவுசரை மூடுங்கள், இரண்டாவது மானிட்டரில் ஓடும் பிரிவியூவை அணையுங்கள். சிறிய விஷயம் போலத் தெரியும், ஆனால் கார்டின் மெமரியை அவையும் தின்கின்றன. எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் ரெண்டரை சி.பி.யு-வுக்கு மாற்றலாம். பல மடங்கு மெதுவாகும், ஆனால் முடியும்.

மாஸ்டருக்கு எந்தக் கோடெக்? நேரடியாக எச்.265-இல் எக்ஸ்போர்ட் செய்தால் என்ன?

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஃபைலை மாஸ்டராகவும் அனுப்பும் பிரதியாகவும் ஆக்க முயலாதீர்கள். எக்ஸ்போர்ட் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வேலை. ஒன்று, டைம்லைனில் உள்ள எல்லாவற்றையும் கணக்கிட்டு ஃபிரேம்களாக உருவாக்குவது. இன்னொன்று, அந்த ஃபிரேம்களைச் சுருக்கிச் சிறிய ஃபைலாக்குவது. 8கே-யில் இரண்டும் தனித்தனியே கனமானவை. எச்.265-க்கு நேரடியாகப் போனால் இரண்டையும் ஒரே நேரத்தில் இயந்திரத்தின் தலையில் ஏற்றுகிறீர்கள். நடுவில் நின்றால் எந்த வேலை நிறுத்தியது என்றுகூடத் தெரியாது.

பிரித்துச் செய்யுங்கள். முதலில் புரோரெஸ் 422 எச்.கியூ அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எச்.கியூ.எக்ஸ் போன்ற கோடெக்கில் மாஸ்டர். இவை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்குபவை. முன்பின் ஃபிரேம்களோடு ஒப்பிடும் சிக்கலான கணக்கு கிடையாது, அதனால் சுருக்குவது வேகமாக முடியும். மாஸ்டரை ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்த்துச் சரி என்று உறுதியானதும், எஃப்.எஃப்.எம்.பெக், ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் அதைக் கொடுத்து எச்.265 பிரதி எடுங்கள். 8 ஜிபி கார்டு இல்லாத இயந்திரத்தில்கூட இந்த இரண்டாம் வேலை நடக்கும், ஏனென்றால் அதில் எஃபெக்ட் எதுவும் இல்லை.

இதில் இன்னொரு லாபம். நாளைக்கு '4கே-யில் ஒன்று கொடுங்கள்', 'பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தகவல் என்ற அளவு) கூட்டிக் கொடுங்கள்' என்று கேட்டால் எடிட்டிங் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். மாஸ்டரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அந்த மாஸ்டர் எவ்வளவு இடம் பிடிக்கும்?

நிறையப் பிடிக்கும். புரோரெஸ் 422 எச்.கியூ, 24 ஃபிரேம் வேகத்தில் 8கே என்றால் நொடிக்குச் சுமார் 2,800 மெகாபிட். பைட்டில் சொன்னால் நொடிக்கு 350 எம்பி, நிமிடத்துக்கு 21 ஜிபி, பத்து நிமிடப் படத்துக்கு 210 ஜிபி. அதே படம் 120 மெகாபிட் எச்.265-இல் 9 ஜிபி-தான். எக்ஸ்போர்ட் தொடங்கும் முன் தேவைப்படும் இடத்தைப் போல ஒன்றரை மடங்காவது காலியாக இருக்கட்டும்.

சாதாரண ஹார்ட் டிஸ்கில் எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். எழுதலாம். எக்ஸ்போர்ட் பெரும்பாலும் நிஜ நேரத்தைவிட மெதுவாகத்தான் போகும், அதனால் நொடிக்கு 150 முதல் 250 எம்பி எழுதும் டிஸ்க்கே சமாளிக்கும். சிக்கல் அதை ஓட்டிப் பார்க்கும்போது வரும். நொடிக்கு 350 எம்பி படிக்க அதனால் முடியாது. சாட்டா எஸ்.எஸ்.டி சுமார் 550 எம்பி தரும், அது போதும். என்.வி.எம்.இ இருந்தால் கவலையே இல்லை.

பென் டிரைவில் கொடுப்பவர்கள் கவனிக்க: ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது. 120 மெகாபிட் வீடியோ ஐந்து நிமிடம் ஆகும் முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிட்ரேட் எவ்வளவு வைக்கலாம்?

யூடியூபுக்கு என்றால் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சாதாரண ஒளி வரம்பில் (எஸ்.டி.ஆர்) 8கே-க்கு, 24 முதல் 30 ஃபிரேம் வேகத்தில் 80 முதல் 160 மெகாபிட், 48 முதல் 60 ஃபிரேம் வேகத்தில் 120 முதல் 240. ஒப்பிட்டுப் பார்க்க, 4கே-க்கு 30 ஃபிரேம் வரை 35 முதல் 45. ஏற்றும் ஃபைலை அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறார்கள். எனவே மேல் எல்லையை ஒட்டியே வையுங்கள், இணைய வேகம் இடம் கொடுத்தால் அதைத் தாண்டினாலும் தவறில்லை.

மற்ற இடங்களுக்குப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அசையாத பின்னணியில் ஒருவர் பேசும் காட்சிக்கு 60 மெகாபிட்டே தாராளம். காற்றில் ஆடும் இலைகள், கொட்டும் மழை, அலை, தூசி, கூட்டம் இவற்றுக்கு 150 போதாமல் போகும். படத்திலேயே கடினமான பத்து நொடியைத் தேர்ந்தெடுத்து மூன்று பிட்ரேட்டில் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பத்து நொடிச் சோதனைக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். முழுப் படத்தையும் மறுபடி எடுப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஹார்ட்வேர் என்கோடிங் நல்லதா, சாஃப்ட்வேரா?

வேகம் வேண்டுமானால் ஹார்ட்வேர், அதாவது கார்டில் உள்ள சில்லு சுருக்குவது. குறைந்த அளவில் நல்ல தரம் வேண்டுமானால் சாஃப்ட்வேர், அதாவது சி.பி.யு-வில் ஓடும் நிரல் சுருக்குவது. பிட்ரேட்டைத் தாராளமாக வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 8கே-யை எக்ஸ்265 போன்ற சாஃப்ட்வேரில் மெதுவான பிரிசெட் வைத்தால் ஒரு நிமிடப் படத்துக்கு மணிக்கணக்கில் ஆகலாம். அன்றாட வேலைக்கு நான் ஹார்ட்வேரைத்தான் பயன்படுத்துகிறேன்.

8 பிட் போதுமா, 10 பிட் வேண்டுமா?

10 பிட். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. வானம், மூடுபனி, சுவரில் விழும் வெளிச்சம் போன்ற மெல்ல மாறும் இடங்களில் 8 பிட் பட்டை பட்டையாகப் பிரியும். 8கே-யைப் பெரும்பாலும் பெரிய திரையில்தான் பார்ப்பார்கள், அங்கே அந்தப் பட்டை இன்னும் அகலமாகத் தெரியும். எச்.டி.ஆர் (அதிக ஒளி வரம்பு கொண்ட வீடியோ) என்றால் 10 பிட் கட்டாயம். அதோடு நிற வெளி ரெக். 2020 என்றும், ஒளி வளைவு பி.கியூ அல்லது எச்.எல்.ஜி என்றும் ஃபைலில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட் செய்த வீடியோ டைம்லைனில் பார்த்ததைவிட வெளிறித் தெரிகிறது. எது உண்மை?

ரெசல்யூஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் பலரைத் தூங்கவிடாத கேள்வி இது. இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும்.

ஒன்று லெவல் (முன்பு சொன்ன கோடெக் லெவல் வேறு). வீடியோவில் கறுப்பு 10 பிட்டில் 64-இலும் வெள்ளை 940-இலும் இருப்பது வழக்கம். இதை வீடியோ லெவல் என்கிறோம். 0 முதல் 1023 வரை முழுவதும் பயன்படுத்துவது டேட்டா லெவல் அல்லது ஃபுல் ரேஞ்ச். எழுதும்போது ஒன்று, படிக்கும்போது வேறொன்று என்றானால் கறுப்பு சாம்பலாகும், அல்லது நிழல் முழுதும் கறுத்துப்போகும். வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் லெவலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று காமா, அதாவது இருளிலிருந்து வெளிச்சம் வரை ஏறும் வளைவு. இதில் வித்தியாசம் மெல்லியதாக இருக்கும். மேக்கில் குவிக்டைம் பிளேயர், ரெக். 709 (எச்.டி-யின் வழக்கமான நிறத் தரநிலை) என்று குறியிட்ட ஃபைலைத் தனக்கே உரிய வளைவில் காட்டும். 2.4 காமாவுக்கு அளவு செய்த மானிட்டரில் நிறம் திருத்தியவருக்கு அது வெளிறியதாகத் தெரியும். ரிசால்வில் 'ரெக். 709-ஏ' என்ற காமா குறி இந்த வேறுபாட்டுக்காகவே இருக்கிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறி நிறத்தை மறுபடி கூட்டாதீர்கள். கூட்டினால் அந்த ஒரு பிளேயரில் சரியாகி, மற்ற எல்லாத் திரையிலும் மிகையாகிவிடும். அளவு செய்த மானிட்டரில் ஃபைலை மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

மின்சாரம் போய்விட்டது. 38 ஜிபி எம்பி4 ஃபைல் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. மீட்க முடியுமா?

எம்பி4, எம்ஓவி ஃபைல்களில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. பெரும்பாலும் எழுதும் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அது எழுதப்படும். 38 ஜிபி படம் உள்ளே பத்திரமாக இருந்தாலும் அட்டவணை இல்லாததால் பிளேயருக்கு ஒன்றும் புரியாது. அதே அமைப்பில் எக்ஸ்போர்ட் ஆன நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அட்டவணையைக் கட்டித்தரும் கருவிகள் உள்ளன. சில நேரம் பலிக்கும். மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வழி இருக்கும்போது அதற்காக மெனக்கெட வேண்டாம்.

நீண்ட, கனமான வேலைக்கு இமேஜ் சீக்வென்ஸ் எடுப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாக, இ.எக்ஸ்.ஆர் அல்லது டி.பி.எக்ஸ் அல்லது டிஃப் வடிவில், எண்ணோடு எழுதப்படும். 9,000-ஆவது ஃபிரேமில் நின்றால் 9,000-இலிருந்து தொடரலாம், முன்னால் முடிந்தது வீணாகாது. ஒரு காட்சியில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தால் அந்த 120 ஃபிரேமை மட்டும் மாற்றி எழுதலாம். விலை, இடம்தான். சுருக்காத 16 பிட் படம் ஒன்று சுமார் 200 எம்பி. பத்து நிமிடத்துக்கு 14,400 படங்கள், கிட்டத்தட்ட 2.9 டிபி. இ.எக்ஸ்.ஆர்-இல் சுருக்கும் வசதியைப் பயன்படுத்தினால் வெகுவாகக் குறையும். ஒலியைத் தனியே வேவ் ஃபைலாக எடுக்க மறக்காதீர்கள். மறந்துபோய் ஊமைப் படத்தோடு போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

என் கணினியில் ஓட்டினால் திக்குகிறது. எக்ஸ்போர்ட் தவறா?

பெரும்பாலும் இல்லை. 8கே எச்.265-ஐ விரிப்பதற்கு கார்டில் அதற்கான வசதி வேண்டும். இல்லையென்றால் சி.பி.யு தலையில் விழும், திக்கும். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் படம் சிதறினால் ஃபைலில் குறை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் திக்கினால் குறை இயந்திரத்தில். நிறத் தகவலை அதிகமாக வைத்திருக்கும் 4:2:2 வகையில் எடுத்த எச்.265-ஐப் பல கார்டுகள் விரிப்பதில்லை. அனுப்பும் பிரதியை நிறத் தகவல் குறைந்த 4:2:0-இல் எடுப்பதே எல்லோருக்கும் நல்லது.

யூடியூபில் 8கே ஏற்றினேன். 360பி-தான் காட்டுகிறது.

காத்திருங்கள். முதலில் சிறிய அளவுகள் தயாராகும், 4கே-யும் 8கே-யும் கடைசியில். நீளமான படத்துக்குப் பல மணி நேரம் ஆகலாம். வெளியிடும் நேரம் முக்கியம் என்றால் தனிப்பட்டது என்று வைத்து முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள், 8கே வந்ததும் பொதுவாக்குங்கள்.

360 டிகிரி வீடியோவுக்கு 8கே அவசியமா?

8கே உண்மையிலேயே தேவைப்படும் இடம் என்றால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். 7680×3840 படம் பார்ப்பவரைச் சுற்றி முழு வட்டமாகச் சுற்றப்படுகிறது. ஹெட்செட்டில் ஒரு நேரத்தில் 90 டிகிரி தெரிகிறது என்றால் கண்ணுக்கு முன் இருப்பது அகலத்தில் கால் பங்கு, 1920 பிக்சல். 8கே எடுத்தும் கண்ணில் விழுவது எச்.டி அளவுதான். 4கே-யில் எடுத்தால் 960. அதனால்தான் 4கே 360 வீடியோ எல்லாம் பழைய டிவி போலத் தெரிகிறது. எக்ஸ்போர்ட்டில் வி.ஆர் என்ற டிக்கைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஏற்றிய பிறகு இழுத்த தட்டைப் படமாகத்தான் காட்டும்.

எல்.இ.டி சுவருக்கு 11,520×1,080 கேட்கிறார்கள். எப்படிக் கொடுப்பது?

மொத்தப் பிக்சல் 8கே-யைவிடக் குறைவு, 1.24 கோடிதான். ஆனால் அகலம் 8192-ஐத் தாண்டுவதால் ஹார்ட்வேர் எச்.265 மறுத்துவிடும். படத்தை ஓட்டப்போகும் மீடியா சர்வர் எதை ஏற்கும் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஹாப் (மீடியா சர்வர்களில் பயன்படும் கோடெக்) அல்லது புரோரெஸ் என்பார்கள். ஹாப் என்றால் அகலமும் உயரமும் நான்கால் வகுபட வேண்டும். 3,840 அகலத்தில் மூன்று துண்டாகக் கேட்கவும் வாய்ப்புண்டு. அப்போது மூன்றும் ஒரே ஃபிரேமில் தொடங்கி ஒரே ஃபிரேமில் முடிகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

அனுப்பும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஃபைலைத் திறந்து அகலம், உயரம், ஃபிரேம் வேகம், பிட் ஆழம், நிற வெளி, நீளம் எல்லாம் கேட்டபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பாதியில் விடாதீர்கள். 4கே மானிட்டரில் 8கே-யை 100 சதவீதத்தில் வைத்தால் கால் பகுதிதான் தெரியும். நான்கு மூலைகளையும் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

கடைசியாக நான் எப்போதும் செய்யும் ஒன்று. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலைத் திரும்ப அதே டைம்லைனில் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பிளெண்ட் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்குவேன். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றாக இருந்தால் திரை கறுப்பாகும். அதன்மேல் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு வெளிச்சத்தை நன்றாக ஏற்றினால், சுருக்கியதில் வந்த இயல்பான வேறுபாடு மெல்லிய தூசு போலத் தெரியும், அதில் கவலை இல்லை. நிறம் மாறியிருந்தால் படம் முழுதும் சாயம் பரவித் தெரியும். ஒரு கிளிப்பில் எஃபெக்ட் விட்டுப்போயிருந்தால் அந்த இடம் வந்ததும் பளிச்சென்று ஒளிரும். ஒரே ஒரு ஃபிரேம் முன்னே பின்னே நகர்ந்திருந்தாலும் அசையும் எல்லாவற்றின் ஓரங்களும் வெள்ளைக் கோடுகளாக எழும்பும், அப்போது டைம்லைனின் ஃபிரேம் வேகத்தையும் ஃபைலின் ஃபிரேம் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 24 என்றும் மற்றதில் 23.976 என்றும் இருக்கும்.